வாசகர் கேள்வி – பதில்: விமானச் சாப்பாடும் அதன் பாதுகாப்பும்

விமானத்தில் பரிமாறப்படும் உணவின் சுகாதாரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விமான உணவுக் கூடமொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிக்கொண்டேன்.

கேள்வி: ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கும் சாப்பாடு உண்மையில் முந்தைய நாளே சமைத்தது என்கிறார்கள். பழைய சாப்பாட்டையா நமக்குக் கொடுக்கிறார்கள்?

முந்தைய நாள் சமைத்தது என்பது பல நேரங்களில் உண்மைதான். பயணிகள் விமானத்தில் சமைக்கும் அடுப்பு கிடையாது. ஏற்கெனவே வெந்த உணவைச் சூடாக்கும் ஓவன்கள் மட்டுமே உண்டு. ஆகவே விமான நிலையத்துக்கு அருகிலுள்ள உணவுக் கூடத்தில் சமைத்து, உடனே குளிரவைத்து, அந்தக் குளிர் குறையாமல் விமானத்தில் ஏற்றி, பரிமாறுவதற்குச் சற்று முன்பு சூடாக்குகிறார்கள். இதைப் பழையது என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், 'எப்போது சமைத்தது?' என்பதோடு 'சமைத்தபின் எவ்வளவு நேரத்தில் குளிர்ந்தது?' என்றும் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

காரணம் இதுதான். ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரையுள்ள, கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலையை உணவுத் தொழிலில் அபாய வலயம் என்பார்கள். நன்றாக வேகவைத்தால் கிருமிகள் இறந்துவிடுகின்றன. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், பேசில்லஸ் சீரியஸ் போன்ற சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். குழம்பையோ சோற்றையோ பெரிய பாத்திரத்தில் அப்படியே ஆறவிட்டால், மேற்பரப்பு ஆறிய பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால்தான் வெந்த உணவை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, கடுங்குளிர்க் காற்றை வேகமாகச் செலுத்தும் பிளாஸ்ட் சில்லர் என்னும் குளிரூட்டியில் ஏற்றுகிறார்கள். சமைத்துக் குளிரவைக்கும் முறைக்குப் பிரிட்டனில் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல், உணவின் நடுப்பகுதி 70 டிகிரியில் குறைந்தது 2 நிமிடம் இருக்க வேண்டும், சமையல் முடிந்த 30 நிமிடத்துக்குள் குளிரவைக்கத் தொடங்க வேண்டும், அடுத்த 90 நிமிடத்துக்குள் 3 டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும் என்கிறது. அப்படிக் குளிரவைத்த உணவுக்கு, சமைத்த நாளையும் உண்ணும் நாளையும் சேர்த்து 5 நாள் ஆயுள் என்றும் அது வரையறுக்கிறது. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சற்றுத் தளர்வானது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு, மொத்தம் 6 மணி நேரத்துக்குள்ளும் வந்தாக வேண்டும்.

இதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஊசிமுனைத் தெர்மாமீட்டரை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, தட்டிலேயே தடிமனான இறைச்சித் துண்டைத் தேர்ந்து, எலும்பில் படாமல் அதன் நடுவில் குத்தி, எண் ஓடுவது நிற்கும்வரை காத்திருந்து, அந்த எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்பதைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் அமிழ்த்தி, 0 டிகிரி காட்டுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். நான் பணியாற்றிய கூடத்தில் ஒருமுறை பனிநீரில் 3 டிகிரி குறைத்துக் காட்டிய கருவி ஒன்று அகப்பட்டது. அதாவது 6 டிகிரியில் இருந்த உணவையெல்லாம் அது 3 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. முந்தைய சரிபார்ப்புக்குப் பின் அந்தக் கருவியால் அளக்கப்பட்ட அத்தனை தட்டுகளையும் தேடியெடுத்துக் கொட்டினோம். சமையல் பிரிவுத் தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேள்வி: விமானத்தில் மறுபடியும் சூடாக்குகிறார்களே, அதில் எல்லாக் கிருமிகளும் செத்துவிடாதா? பிறகு எதற்கு இத்தனை கெடுபிடி?

கிருமி செத்துவிடலாம், அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த நச்சு சாகாது. இதைப் புரிந்துகொள்ள, 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகவும் கோபன்ஹேகன் வழியாகவும் பாரிஸ் செல்லவிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் வாடகை விமானத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதில் 344 பயணிகள் இருந்தார்கள். ஆங்கரேஜில் ஏற்றப்பட்ட பன்றி இறைச்சி சேர்த்த ஆம்லெட், கோபன்ஹேகனில் இறங்குவதற்குச் சற்று முன்பு காலை உணவாகப் பரிமாறப்பட்டது. சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் தொடங்கின. 196 பயணிகளும் பணிப்பெண் ஒருவரும் நோயுற்றார்கள்; 140-க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. விசாரித்தபோது, இறைச்சித் துண்டுகளைக் கையால் எடுத்து வைத்த சமையற்காரரின் விரலில் சீழ்பிடித்த புண் இருந்தது தெரியவந்தது. அதிலிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இறைச்சிக்கு வந்துவிட்டது.

ஆனால் விரற்புண் மட்டும் இவ்வளவு பெரிய விபத்தை உண்டாக்கியிருக்காது. தயாரான உணவு சுமார் 6 மணி நேரம் அறை வெப்பத்தில் கிடந்தது. பிறகு 14 மணி நேரத்துக்கும் மேலாக, போதிய குளிரில்லாத 10 டிகிரியில் வைக்கப்பட்டது. மிகச் சாதகமான நிலையில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று கொண்டால், 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டிப்பாகி, ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். விமானத்தில் ஓவனை 150 டிகிரிக்கு வைத்து 15 நிமிடம் சூடாக்கியே பரிமாறினார்கள். ஆனால் இந்தப் பாக்டீரியா சுரக்கும் நச்சு, அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அழியாத வகையைச் சேர்ந்தது. உணவில் வாடை மாறாது, நிறம் மாறாது, ருசியும் மாறாது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கையுறையும் தலைமூடியும் முகக்கவசமும் மட்டும் போதாமல், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தோலில் புண்ணோ உள்ளவர் உணவைத் தொடும் வேலையைப் பார்க்கவே கூடாது என்ற விதி கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். சிறு கீறலுக்குப் போடும் பிளாஸ்திரிகூட இந்தக் கூடங்களில் நீல நிறத்தில்தான் இருக்கும். நீல நிற உணவு அரிது என்பதால், கழன்று விழுந்தால் உடனே கண்ணில் படும். இந்த விதியில் பலரும் கவனிக்காத ஒரு பக்கமும் உண்டு. நோயென்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று பயப்படும் தொழிலாளி, புண்ணை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார். சம்பளத்தோடு விடுப்புத் தராத கூடத்தின் சுவரில் எத்தனை அறிவிப்புப் பலகைகள் தொங்கினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

கேள்வி: விமானிக்கும் துணை விமானிக்கும் ஒரே சாப்பாட்டைக் கொடுப்பதில்லை என்பது உண்மையா?

பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் நடைமுறைப்படுத்துகின்றன. மேலே சொன்ன விமானத்தை ஓட்டியவர்கள் ஆங்கரேஜில் பொறுப்பேற்றவர்கள்; அவர்கள் உடலின் கணக்கில் அது இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் ஆம்லெட்டைத் தொடவில்லை. அன்று அவர்களும் அதையே சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, இந்த நடைமுறைக்குப் பெரிய வலுச் சேர்த்தது. இரண்டு உணவும் வெவ்வேறு வகையாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே குழம்பை ஊற்றிய இரண்டு வகைகளைக் கொடுத்தால் பிரித்துக் கொடுத்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: உணவுக் கூடங்கள் 'ஹாசப்' சான்றிதழ் பெற்றவை என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அது என்ன? இதற்கெல்லாம் உலகப் பொது விதி உண்டா?

முடிவில் வெளிவரும் பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, எந்தெந்தக் கட்டத்தில் அபாயம் நுழையக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அந்தக் கட்டங்களில் மட்டும் விடாப்பிடியாகக் காவல் நிற்கும் முறைக்குப் பெயர்தான் ஹாசப். 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்க நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து இதை உருவாக்கின. விண்கலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் பிறந்தது, பூமியிலுள்ள சமையலறைகளுக்கெல்லாம் பொதுவாகிவிட்டது. பொட்டலங்களை எடுத்துச் சோதிப்பதை மட்டுமே நம்பினால், முழு உறுதி கிடைப்பதற்குள் உண்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். விமான உணவுக்கும் அதே நிலைதான்: ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு வருவதற்குள் விமானம் போய், இறங்கி, அடுத்த பயணத்துக்குக் கிளம்பியிருக்கும்.

விமான உணவுக் கூடத்தில் அந்தக் காவல் கட்டங்கள் என்று பொருள் வந்து இறங்கும் இடம், சமையல், குளிரவைத்தல், தட்டில் அடுக்கும் அறை, வண்டியில் ஏற்றுதல் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் தட்டில் அடுக்கும் அறையே என் கணக்கில் பலவீனமான இடம். குளிர்ந்த உணவு மறுபடி வெளியே எடுக்கப்பட்டு, பல கைகள் பட்டு, ஆயிரக்கணக்கான தட்டுகளில் வைக்கப்படுவது அங்கேதான். அந்த அறையையே குளிராக வைத்திருப்பதோடு, ஒரு தொகுதி வெளியே வந்த நேரத்தையும் திரும்பக் குளிருக்குப் போன நேரத்தையும் சீட்டில் குறித்து ஒட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

பொது விதி என்று பார்த்தால், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963-இல் ஏற்படுத்திய கோடெக்ஸ் ஆணையத்தின் உணவுச் சுகாதாரக் கோட்பாடுகளே பல நாடுகளின் சட்டங்களுக்கு அடித்தளம். 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகள், விமான நிலையங்களில் குடிநீரும் உணவகங்களும் விமானங்களுக்கு உணவு வழங்கும் கூடங்களும் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பை நாடுகளுக்கு அளிக்கின்றன. விமான உணவு நிறுவனங்களின் சங்கங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட உலக வழிகாட்டுதலும் இருக்கிறது. அது சட்டமல்ல, ஆனால் விமான நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாக்கிவிடுவதால் கிட்டத்தட்டச் சட்டம்போலவே நடக்கிறது. சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பதைக் கண்டு மட்டும் நான் திருப்தியடைவதில்லை. பதிவேட்டின் கடந்த மாதப் பக்கத்தைத் திறந்து, எல்லா எண்ணும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அச்சடித்தாற்போல் 3, 3, 3 என்று இருந்தால், யாரோ வேலை நேரத்தின் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: சூடான உணவைவிடச் சாலட், பழத்துண்டு போன்றவை பாதுகாப்பானவை என்று நினைத்து நான் அவற்றையே சாப்பிடுகிறேன். சரிதானா?

உடல் எடைக்கு அது சரியாக இருக்கலாம். கிருமியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. சூடான உணவுக்குச் சமையல் என்ற ஒரு தடுப்பாவது இருக்கிறது. பச்சையாகப் பரிமாறுவதற்குக் கழுவுதல், கையின் சுத்தம், குளிர் ஆகியவற்றைத் தவிர வேறு காவல் இல்லை. 1992 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸிலிருந்து லிமா வழியாக லாஸ் ஏஞ்சலீஸ் சென்ற அர்ஜென்டீனா விமானத்தில் காலரா பரவியது. 75 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்த அந்த நிகழ்ச்சியில், லிமாவில் ஏற்றப்பட்ட குளிர்ந்த கடலுணவுச் சாலட்டின் மீதுதான் பழி விழுந்தது. அப்போது பெருவில் காலரா பெருமளவில் பரவிக்கொண்டிருந்தது. 2004 ஆகஸ்டில் ஹானலூலுவிலிருந்து புறப்பட்ட விமானங்களில் ஷிகெல்லா வயிற்றுக்கடுப்பு வந்ததற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது பச்சைக் காரட்.

இதனால் சாலட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளோரின் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவி, நறுக்கியது முதல் குளிர் விடாமல் கொண்டுவந்தால் அதில் பயமில்லை. கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மட்டும் குளிர்ந்த கடலுணவையும் பதப்படுத்திய குளிர் இறைச்சியையும் தவிர்ப்பது நல்லது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயும் மெல்ல வளரக்கூடியது.

கேள்வி: விமானத்தில் தரும் தேநீர், காபியைக் குடிக்கக் கூடாது என்று பலர் எச்சரிக்கிறார்கள். தண்ணீர் அவ்வளவு மோசமா?

பாட்டிலில் வரும் தண்ணீரைப் பற்றிக் கேள்வி இல்லை. தேநீருக்கும் காபிக்கும் பெரும்பாலும் விமானத்தின் சொந்தத் தொட்டித் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். விமான நிலையத்தின் குடிநீர் சுத்தமாக இருந்தாலும், அதை ஏற்றும் வண்டி, குழாய், விமானத்தின் இணைப்பு வாய், தொட்டி என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் அழுக்குச் சேர இடமுண்டு. 2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விமானங்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 15 விழுக்காட்டு விமானங்களின் நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா காணப்பட்டது. அதன் விளைவாக 2009-இல் அங்கே விமானக் குடிநீருக்கெனத் தனி விதி வந்து, தொட்டிகளைக் குறித்த இடைவெளியில் கிருமிநீக்கம் செய்வதும் நீரைச் சோதிப்பதும் கட்டாயமாயின.

கோலிஃபார்ம் இருப்பதாலேயே நோய் வந்துவிடும் என்று பொருளல்ல. தூய்மையில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உடல்நலம் சரியாக உள்ளவர் சூடான தேநீர் குடிப்பதில் நான் பெரிய ஆபத்தைக் காணவில்லை, நானே குடிக்கிறேன். கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்க மட்டும் கவனம் தேவை. பொடியிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுநீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. பாட்டில் தண்ணீரைச் சூடாக்கித் தரும்படி பணியாளரிடம் கேட்பதும், இயலாவிட்டால் திரவ வடிவில் தயாராக விற்கும் பாலை எடுத்துச் செல்வதும் நல்லது.

கேள்வி: விமானம் ஐந்தாறு மணி நேரம் தாமதமானால், ஏற்றிவைத்த சாப்பாடு என்ன ஆகும்?

குளிர் காத்துவைக்கப்பட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் குப்பைக்குப் போக வேண்டும். உணவு வண்டிகள் வெளிக்காற்றுச் சூட்டில் விமானத்தின் அருகே நிற்பதும், விமானத்தின் மின்சாரம் நிறுத்தப்பட்டுக் குளிரூட்டி ஓயாமல் ஓடாததும் இதில் உண்மையான அபாயங்கள். பொறுப்பான நிறுவனங்கள் உணவின் வெப்பநிலையை மறுபடி அளந்து, எல்லை தாண்டியிருந்தால் புதிதாக ஏற்றுகின்றன. ஒருமுறை ஓவனில் சூடாக்கிய உணவை, தாமதத்தின் காரணமாக ஆறவிட்டு மறுபடி சூடாக்கிக் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அப்படிக் கொடுப்பதாகத் தெரிந்தால், பசித்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: சிறப்பு உணவு கேட்டுப் பதிவு செய்தால் ஒவ்வாமைக்குப் பயப்படாமல் சாப்பிடலாமா?

முழுமையாக நம்ப முடியாது. ஒரே கூடத்தில் பல வகை உணவு தயாராகும்போது, கரண்டியிலோ காற்றில் பறக்கும் மாவிலோ சுவடு வந்து சேரலாம் என்பதால்தான் நிறுவனங்கள் உத்தரவாதம் தரத் தயங்குகின்றன. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் சொந்த உணவையும் அட்ரினலின் ஊசியையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அல்ல.

கேள்வி: கடந்த மாதம் விமானத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் எனக்கு வாந்தியெடுத்தது. விமான நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும். சால்மோனெல்லாவுக்குச் சில நாள்கூடப் பிடிக்கலாம். ஆகவே பயணத்துக்கு முந்தைய நாள் வேறெங்கோ சாப்பிட்டது விமானத்திலோ இறங்கியபிறகோ வெளிப்படுவது மிகச் சாதாரணம். நோரோவைரஸ் உணவே இல்லாமல், கழிவறைக் கதவின் கைப்பிடி வழியாகவும் தொற்றும்.

புகார் பயன்பட வேண்டுமானால், விமான எண், தேதி, இருக்கை எண், எந்த வகை உணவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முதல் அறிகுறி தோன்றியது, உடன் வந்தவர்களில் யார் அதே உணவைச் சாப்பிட்டும் நலமாக இருக்கிறார் என்பவற்றை எழுதி, விமான நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல் உங்கள் பகுதிச் சுகாதாரத் துறைக்கும் உடனே அனுப்புங்கள். ஒழுங்கான உணவுக் கூடங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரித் தட்டொன்றைச் சில நாள் குளிரில் எடுத்து வைத்திருக்கும். அது கொட்டப்படுவதற்கு முன் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான், அந்தத் தட்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.